தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சும் கேக்காத காது: ஒரு குழந்தையோட நிகழ்வு ஆய்வு

நான் ஆடியாலஜிஸ்ட், தென் மாவட்டத்துல ஒரு ஊர்ல சின்ன கிளினிக்ல வேலை பாக்குறேன். இந்த கேஸை எழுதுறதுக்கு அந்த குழந்தையோட அம்மா சம்மதம் குடுத்திருக்காங்க, யாருன்னு தெரியக்கூடாதுன்னு ஒண்ணு ரெண்டு விவரம் மட்டும் விட்டுட்டேன். குழந்தைங்களுக்கு தைராய்டு பாக்குற டாக்டர்கள், நர்ஸுங்க, ஸ்பீச் தெரபிஸ்டுங்க, முக்கியமா பிறந்த குழந்தைக்கு தைராய்டுன்னு சொல்லக் கேட்ட அப்பா அம்மாக்கள் எல்லாரும் படிக்கணும்னு எழுதுறேன்.

பின்னணி

முதல் பிரசவம், ஆம்பளப் புள்ள, 39 வாரத்துல சுகப்பிரசவம், எடை 2.9 கிலோ. அப்பா கொத்தனார். அம்மாவுக்கு அவர் சொந்த தாய்மாமா மகன், அதாவது உறவுக்குள்ள கல்யாணம். ரெண்டு பக்கமும் யாருக்கும் காது கேக்காம இருந்ததா தெரியல. கர்ப்பத்துல 10வது வாரம் அம்மாவுக்கு எடுத்த தைராய்டு டெஸ்ட் நார்மல், அந்த சீட்டை பத்திரமா வச்சிருந்தாங்க, அது பின்னாடி ரொம்ப உதவுச்சு.

பிறந்ததுல இருந்து 4 மாசம் வரைக்கும்

பிறந்த ரெண்டாவது நாள் ஆஸ்பத்திரிலயே ஓஏஇன்னு சொல்ற காது ஸ்கிரீனிங் பண்ணியிருக்காங்க, ரெண்டு காதுலயும் "ரெஃபர்"னு வந்திருக்கு, அதாவது பாஸ் ஆகல, திரும்பப் பாக்கணும்னு அர்த்தம். "காதுக்குள்ள தண்ணி இருக்கும், ஒரு மாசம் கழிச்சு வாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பிறந்த குழந்தைக்கு அப்படி வர்றது சகஜம்தான், காது குழாய்ல அழுக்கு இருந்தாலும் ரெஃபர்னு வரும், அதனால அந்த பதில் தப்பு இல்ல. ஆனா ஒரு மாசம் கழிச்சு வரலன்னா யாரு கூப்பிடுவாங்கன்னு ஒரு ஏற்பாடும் இல்ல. அவங்க போகல, யாரும் கூப்பிடவும் இல்ல. குதிகால்ல ஊசி குத்தி ரத்தம் எடுத்து டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கச் சொல்ற ஹார்மோன், தைராய்டு குறைஞ்சா இது ஏறும்) பாக்குறது அங்க செய்யல.

மஞ்சக்காமாலை மூணு வாரம் தாண்டியும் போகல, காலை வெயில்ல காட்டச் சொல்லியிருக்காங்க. நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவதான் மலம் போயிருக்கு. தொப்புள் துருத்திக்கிட்டு இருந்துச்சு, அதுமேல ஒரு ரூபா காசை வச்சு துணியால கட்டியிருந்திருக்காங்க. பாலுக்கு எழுப்புனாத்தான் எந்திரிக்கும், அழுதா குரல் கரகரன்னு வரும், அதுவும் அபூர்வமாத்தான் அழும். ஆச்சி எங்ககிட்ட சொன்னதை அப்படியே எழுதுறேன்: "புள்ள சாதுவா கெடந்துச்சும்மா, ராத்திரி ஒரு நா கூட எங்கள முழிக்க வைக்கல, தெருவே ஆச்சரியப்பட்டுச்சு." வீட்டுக்கு முதல் குழந்தை, ஒப்பிட்டுப் பாக்க இன்னொன்னு இல்ல, தூங்குற குழந்தையப் பாத்து யாருக்கு பயம் வரும்?

4 மாசத்துல தைராய்டு தெரிஞ்சது

மலச்சிக்கலுக்காக ஒரு குழந்தை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்போ அவர் நாக்கையும் தொப்புளையும் பாத்த உடனே ரத்தம் எடுக்கச் சொல்லிட்டார். டிஎஸ்எச் 100க்கு மேல, தைராய்டு சுரக்குற ஹார்மோனான டி4 மிகக் குறைவு. முழங்கால் எக்ஸ்ரே எடுத்ததுல, நிறைமாசக் குழந்தைக்கு பிறக்கும்போதே தெரியவேண்டிய தொடையெலும்பு முனை அந்த வயசுலயும் தெரியல, அதாவது வயித்துக்குள்ள இருக்கும்போதே ஹார்மோன் பத்தாம இருந்திருக்கு. தைராய்டு ஸ்கேன்ல கழுத்துல சுரப்பியே இல்ல, நாக்கு அடியில சின்னதா ஒரு துண்டு மட்டும் இருந்துச்சு. கருவுல தைராய்டு நாக்கோட அடியில உருவாகி 7வது வாரத்துக்குள்ள கழுத்துக்கு இறங்கி வரணும், இங்க அது இறங்கவே இல்ல.

தைராக்ஸின், அதாவது அந்த ஹார்மோனை மாத்திரையா குடுக்குறது, அன்னிக்கே ஆரம்பிச்சாங்க, 25 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றரை, பொடி பண்ணி ஒரு ஸ்பூன் தாய்ப்பால்ல கலந்து காலையில. ரெண்டே வாரத்துல குழந்தை முழிச்சுப் பாக்க, கால உதைக்க, சத்தமா அழ ஆரம்பிச்சுருச்சு. அம்மா சொன்னாங்க, "அன்னிக்குத்தான் மேடம் எனக்குப் புள்ள பொறந்த மாதிரி இருந்துச்சு"ன்னு. அந்த டாக்டர் கவனிச்சிருக்கலன்னா மூளை வளர்ச்சி எவ்வளவு பாதிச்சிருக்கும்னு நினைச்சாலே மனசு பதறுது. ஆனா அந்த சீட்டுலயும் காதைப் பத்தி ஒரு வரி இல்ல.

நடுவுல போன 9 மாசம்

குழந்தை 9 மாசத்துல உக்காந்துச்சு, சிரிச்சுச்சு, முகம் பாத்துச்சு. பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பல, "ம்மா", "ப்பா"ன்னு அடுக்கிப் பேசுற மழலை வரவே இல்ல. கேட்ட இடத்துல எல்லாம் ஒரே பதில்: தைராய்டு குழந்தைங்க லேட்டாத்தான் பேசும், மாத்திரை போகுதுல்ல, சரியாயிடும். எல்லாரும் நல்ல மனசோட சொன்னதுதான், ஆனா தைராய்டுங்கிற ஒரே வார்த்தை எல்லா கேள்விக்கும் பதிலா ஆகி காதை மறைச்சுருச்சு.

கண்டுபிடிச்சது சித்தி. 13வது மாசம் வீட்டுக்கு வந்தவங்க, குழந்தை அடுப்படி வாசல்ல தூங்கிட்டு இருக்கும்போது குக்கர் மூணு விசில் அடிச்சும் இமை கூட அசையலன்னு கவனிச்சிருக்காங்க. ஆச்சி ஒத்துக்கல, "நான் வந்தா திரும்புறானே"ன்னு சொல்லியிருக்காங்க. சித்தி பின்பக்கமா நிழல் விழாம நின்னு சில்வர் தட்டை கல்லுத்தரையில போட்டிருக்காங்க, திரும்புனான். அப்புறம் அதே தட்டை பாய் மேல வச்சு கரண்டியால மெல்லத் தட்டியிருக்காங்க, திரும்பல. தரையில விழுந்தா அதிர்வு உடம்புல தெரியும், ஆச்சி நடந்து வந்தாலும் தெரியும், சத்தம் மட்டும் தனியா வந்தா தெரியல. பள்ளிக்கூடப் படிப்போட நின்ன ஒருத்தங்க செஞ்ச இந்த சோதனை அவ்வளவு சரியா இருந்துச்சு, அதனாலதான் விவரமா எழுதுறேன்.

எங்ககிட்ட வந்தப்போ பாத்தது

வயசு 13 மாசம் 2 வாரம். மடியில உக்கார வச்சு சத்தம் குடுத்துப் பாத்ததுல 75 டெசிபெல் மேளச் சத்தத்துக்கு கண்ணைச் சிமிட்டுனான், சாதாரணப் பேச்சுக்கு ஒண்ணும் இல்ல. நடுக்காது டெஸ்ட் நார்மல், அதனால சளி, நீர்னு சொல்ல வழியில்ல. ஓஏஇ ரெண்டு பக்கமும் வரல, உள்காதுல வெளிவரிசை முடி செல்லுங்க வேலை செய்யலன்னு அர்த்தம். தூங்க வச்சு பெரா, அதாவது சத்தத்துக்கு காது நரம்புல வர்ற அலையைப் பாக்குற டெஸ்ட் எடுத்தோம், வலது காதுல 60 டெசிபெல்லதான் அலை வந்துச்சு, இடதுல 65ல. தாழ்ந்த சத்தம் கொஞ்சம் பரவாயில்ல, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் 70 வரைக்கும் போச்சு, அதாவது "ச", "ஷ", "த" மாதிரி எழுத்துங்க இவனுக்குப் போய்ச் சேரவே இல்ல.

அதே வாரம் எடுத்த டிஎஸ்எச் 34. மாத்திரை தினமும் போகுதுன்னு அம்மா சத்தியம் பண்றாங்க, பின்ன எப்படி? ரெண்டாவது தடவ வந்தப்போதான் நான் நேரம் நேரமா கேட்டேன், என்னென்ன குடுக்குறீங்கன்னு. 8 மாசத்துல ரத்தம் கம்மின்னு இரும்புச்சத்து சிரப் எழுதியிருக்காங்க, அதை தைராய்டு மாத்திரையோட ஒரே ஸ்பூன்ல கலந்து குடுத்திருக்காங்க, குழந்தை ஒரே வாயில முழுங்கிடும்னு. இரும்பு தைராக்ஸினைப் பிடிச்சுக்கிட்டு குடல்ல சேர விடாது. ரெண்டுக்கும் நடுவுல குறைஞ்சது 4 மணி நேரம் இடைவெளி வேணும்னு அவங்களுக்கு யாருமே சொல்லல.

ஹார்மோனுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்

அப்பா கேட்டது ஒரே கேள்வி. "தைராய்டு கழுத்துல இருக்கு, காது எங்கயோ இருக்கு, ரெண்டுக்கும் என்ன மேடம்?" அவர் தொழில்லயே சொல்லிப் பாத்தேன்.

உள்காதுல நத்தைக்கூடு மாதிரி இருக்குற காக்லியா முதல்ல செல்லுங்க நெருக்கமா அடைச்ச ஒரு திட்டா இருக்கும், சென்ட்ரிங் போட்ட மாதிரி. சரியான நேரத்துல அந்த சென்ட்ரிங்கைப் பிரிக்கணும், அதாவது தேவையில்லாத செல் கரைஞ்சு போகணும், நடுவுல ஒரு சுரங்கம் திறக்கணும், முடி செல்லுங்களுக்கு மேல படியுற மெல்லிசான சவ்வு சரியான தடிமன்ல அமையணும், சத்தத்துக்கு ஏத்த மாதிரி நீண்டு சுருங்கி அதைப் பெருக்குற வேலையை வெளிவரிசை செல்லுங்க கத்துக்கணும். "இப்போ பிரி"ன்னு சொல்ற மேஸ்திரி தைராய்டு ஹார்மோன். அது வரலன்னா சென்ட்ரிங் அப்படியே நிக்கும், சவ்வு தடிச்சு கோணலா போகும்.

ரத்தத்துல ஹார்மோன் இருந்தா மட்டும் போதாதுங்கறதுதான் இதுல எனக்கு ரொம்ப ஆச்சரியம். ரத்தத்துல பெரும்பாலும் வர்றது டி4, அதை வேலை செய்யுற டி3யா மாத்துற நொதியை காக்லியாவே வச்சிருக்கு. அந்த நொதியை எடுத்துட்ட எலிங்களுக்கு ரத்தத்துல டி3 சரியா இருந்தும் காது கேக்கலன்னு 2004ல காட்டுனாங்க. ஹார்மோனை அழிக்கிற இன்னொரு நொதியும் அங்கயே இருக்கு, அது நேரத்துக்கு முன்னாடி ஹார்மோன் வந்து வேலையைக் கெடுக்காம தடுக்குறதுக்கு, அதை எடுத்துட்டாலும் எலி செவிடாயிடுது, இது 2009. ஹார்மோனை வாங்கிக்கிற பீட்டா ஏற்பி இல்லாத எலிக்கும் கேக்காது, அது 1996. மனுசங்கள்ல 1967லயே ஒரு குடும்பத்தைப் பத்தி எழுதியிருக்காங்க, அங்கயும் உறவுக்குள்ள கல்யாணம், குழந்தைங்களுக்கு ரத்தத்துல ஹார்மோன் ஏராளம், ஆனா காது கேக்கல, பேச்சு வரல. அவங்களுக்கு அந்த ஏற்பியோட ஜீனே இல்லன்னு ரொம்ப வருசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

எலிக்கு பிறந்து 12 நாள் வாக்குலதான் காது திறக்கும், அதனால இந்த வேலையெல்லாம் அதுக்கு பிறந்த பிறகு நடக்குது. மனுசக் குழந்தைக்கு இது வயித்துக்குள்ளயே பெரும்பகுதி முடிஞ்சுரும், ஏழாவது மாசத்துல சிசு சத்தத்துக்கு அசையுது. குழந்தையோட சொந்த சுரப்பி போதுமான அளவு சுரக்க 18, 20 வாரம் ஆகும், அதுவரைக்கும் அம்மாவோட ஹார்மோன்தான், அதுக்கப்புறமும் கொஞ்சம் நஞ்சுக்கொடி வழியா வந்துட்டு இருக்கும். தைராய்டே இல்லாம பிறந்த குழந்தைங்கள்ல நிறைய பேருக்கு காது கேக்குறதுக்கு அம்மாவோட அந்தப் பங்கும் ஒரு காரணம். ஆனாலும் ஆபத்து அதிகம், பிரான்ஸ்ல இப்படிப் பிறந்து சிகிச்சை எடுத்து வளந்த இளைஞர்கள்ல 9.5 சதவீதம் பேர் கேக்குறதுல குறை இருக்குன்னு சொல்லியிருக்காங்க, மத்தவங்கள்ல அது 2.5.

அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "தளம் போட்டு முதல் வாரம் தண்ணி ஊத்தாம விட்டுட்டு ஒரு மாசம் கழிச்சு ஊத்துன கதையா மேடம்?"னு கேட்டார். காதைப் பொறுத்தவரைக்கும் அதுதான், மூளைக்கும் வளர்ச்சிக்கும் மாத்திரை இன்னமும் ரொம்ப அவசியம்னு சொன்னேன்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு காது மெஷின். இங்க கருத்து வேறுபாடு வந்துச்சு. டிஎஸ்எச் 34 இருக்கும்போது எடுத்த பெராவை நம்பலாமா, தைராய்டு நார்மல் ஆன பிறகு திரும்ப எடுத்துட்டு மெஷின் பாக்கலாமேன்னு ஒரு ஆலோசனை வந்துச்சு. அதுல நியாயம் இருக்கு, தைராய்டு குறைஞ்சா பெரா அலைங்க தாமதமா வரும். ஆனா அலை தாமதமாகுறது வேற, 60 டெசிபெல் வரைக்கும் அலையே இல்லாம இருக்கறது வேற, ஓஏஇயும் வரல. ஒருவேளை கொஞ்சம் தேறினாலும் மெஷின்ல சத்தத்தைக் குறைச்சுக்கலாம், போன மூணு மாசத்தை எங்க வாங்குறது? அதனால காத்திருக்கல. ஒரு மாசத்துல ஸ்கிரீனிங், மூணு மாசத்துல உறுதி, ஆறு மாசத்துல மெஷின்னு உலகம் முழுக்க வச்சிருக்குற கணக்குல இவன் ஏற்கனவே ரொம்பப் பின்னாடி இருந்தான். ரெண்டு காதுக்கும் மோல்டு எடுத்து 16வது நாள் மெஷின் போட்டோம்.

ரெண்டாவது, மாத்திரை நேரம். காலை எழுந்த உடனே தைராக்ஸின், இரும்பு சிரப் ராத்திரி. இதை டாக்டர்கிட்ட போன்ல பேசி அவர் சொன்ன பிறகுதான் மாத்துனோம்.

மூணாவது, காரணம் தேடுறது. உறவுக்குள்ள கல்யாணம்ங்கறதால பரம்பரைக் காரணம் இருக்கலாம், அதனால பிறவிலயே காது கேக்காம போறதுக்கு நம்ம பக்கம் அதிகமா காரணமாகுற கனெக்ஸின் 26ங்கிற ஜீனுக்கு டெஸ்ட் அனுப்புனோம், மாற்றம் இல்லன்னு வந்துச்சு. காதும் தைராய்டும் சேந்து பாதிக்கிற பெண்ட்ரெட்ங்கிற பரம்பரை நோயையும் யோசிச்சோம், அதுல சுரப்பி கழுத்துல அதோட இடத்துலதான் இருக்கும், வளர வளர வீங்கும், காது எலும்பு ஸ்கேன்ல ஒரு குழாய் அகலமாத் தெரியும். இவனுக்கு சுரப்பியே இறங்கல, பின்னாடி எடுத்த சிடி ஸ்கேனும் நார்மல். ஹார்மோன் குறைவுதான் காரணமா இருக்க வாய்ப்பு அதிகம்னு சீட்டுல எழுதுனோம், எல்லா ஜீனும் பாக்காததால "உறுதி"ன்னு எழுதல.

நாலாவது, காக்லியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் பண்ணி உள்காதுல கருவி வைக்கிறது. பக்கத்து தெருக் குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுல இலவசமா பண்ணியிருக்காங்க, எங்களுக்கும் பண்ணுங்கன்னு குடும்பம் கேட்டுச்சு. மெஷின்ல பலன் கிடைக்கிற அளவு கேக்குற திறன் மிச்சம் இருக்கும்போது ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாசம் பாப்போம்னு சொன்னோம். இலவசமா கிடைக்கிறதை ஏன் தடுக்குறீங்கன்னு ஆச்சிக்கு என்மேல ரொம்ப வருத்தம். "ஆச்சி, உங்க பேரனுக்கு இருக்குற காதை நாம இன்னும் பயன்படுத்தியே பாக்கல"ன்னு சொன்னேன், சமாதானம் ஆகல, ஆனா தெரபிக்கு வாரம் தவறாம தூக்கிட்டு வந்தது அவங்கதான்.

அம்மாவுக்கு வேற பாரம். அவங்க வீடு உப்பளத்துப் பக்கம், அயோடின் சேக்காத கல்லுப்புதான் சமையலுக்கு, அதனாலதான் இப்படி ஆச்சான்னு ஒரு நாள் தனியா வந்து அழுதாங்க. 10வது வார டெஸ்ட் சீட்டை எடுத்து வச்சு, உங்க ஹார்மோன் சரியாத்தான் இருந்திருக்கு, சுரப்பி இறங்காம போனதுக்கு உப்பு காரணம் இல்லன்னு வரி வரியா காட்டுனேன். அயோடின் உப்புக்கு மாறச் சொன்னோம், கர்ப்பிணிக்கும் சிசுவுக்கும் அது கட்டாயம் வேணும், ஆனா அந்தப் பழி அவங்களுது இல்ல.

அப்புறம் என்ன ஆச்சு

17 மாசத்துல டிஎஸ்எச் 2.8. திரும்ப பெரா எடுத்தோம், வலது 60, இடது 60. மாத்திரை சரியா சேந்த பிறகும் காது அதே இடத்துலதான். காத்திருந்தா கிடைச்சிருக்கப் போறது இடது பக்கம் 5 டெசிபெல், அதுவும் டெஸ்டுக்கு டெஸ்ட் சாதாரணமா வர்ற வித்தியாசம்தான்.

மெஷின் போட்ட முதல் ரெண்டு மாசம் பிடுங்கிப் பிடுங்கி எறிஞ்சான், ஒரு தடவ தண்ணித் தொட்டியில இருந்து எடுத்தோம். அம்மா சட்டையில நூல் கோத்துக் கட்டிவிட்டாங்க, தலைக்கு வைக்கிற எண்ணெய் மோல்டுல இறங்குதுன்னு எண்ணெயை ராத்திரிக்கு மாத்துனாங்க. தினமும் காலையில வாயை கைக்குட்டையால மறைச்சுக்கிட்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ்னு ஆறு சத்தம் சொல்லிப் பாப்பாங்க, கேட்டா டப்பாவுல ஒரு புளியங்கொட்டை போடணும். முதல்ல ஆ, ஊ, ம் மூணுக்கு மட்டும் கொட்டை விழுந்துச்சு. 22வது மாசம் ஷ்க்கு விழுந்துச்சு. ஸ்க்கு ரெண்டரை வயசு ஆச்சு, அதுவும் மெஷின்ல மேல் சுருதியை ஏத்துன பிறகு.

முதல் வார்த்தை 20 மாசத்துல, "ஆச்சி"ன்னு, "ச்சி" தெளிவா வராம "ஆத்தி"ன்னு. இப்போ 4 வயசு 2 மாசம். நாலஞ்சு வார்த்தை சேத்துப் பேசுறான், புரிஞ்சுக்கிறது மூணு வயசுக் குழந்தை அளவுக்கு இருக்கு, "ச" இன்னமும் "த"வாத்தான் வருது. மெஷினோட 30லருந்து 35 டெசிபெல்ல கேக்குறான், இம்ப்ளான்ட் தேவைப்படல. அங்கன்வாடியில டீச்சருக்குப் பக்கத்துல உக்கார வச்சிருக்காங்க, ஃபேன் சத்தத்துல தடுமாறுறான்.

இப்போ யோசிச்சா எதை மாத்துவோம்

இந்த குழந்தைக்கு ரெண்டு கதவு இருந்துச்சு. ரெண்டாவது நாள் ரெஃபர் வந்தப்போவே டிஎஸ்எச் பாத்திருந்தா 4 மாசம் மிச்சம். நாலாவது மாசம் டிஎஸ்எச் 100 வந்தப்போ, பழைய ரெஃபர் சீட்டைக் கேட்டு அதே மாசம் பெராவுக்கு அனுப்பியிருந்தா 9 மாசம் மிச்சம். இந்தியாவுல தோராயமா ஆயிரத்துக்கு ஒரு குழந்தைக்கு பிறவிலயே இந்தத் தைராய்டு குறை வருது, டிஎஸ்எச் பாக்க குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் போதும், எல்லா பிரசவ ஆஸ்பத்திரியிலயும் கட்டாயமா நடக்கணும்னு நான் ரொம்ப அழுத்தமா நினைக்கிறேன்.

எங்க பக்கமும் குறை இருக்கு. மாத்திரை எப்படிக் குடுக்குறீங்கன்னு முதல் நாளே கேக்கல, காது டெஸ்டுக்கு வந்தவங்கன்னு காதை மட்டும் பாத்தோம். சிடி ஸ்கேனுக்கு மூணு வயசு வரைக்கும் விட்டுட்டோம், பெண்ட்ரெட் இருந்திருந்தா தலையில அடிபடாமப் பாத்துக்கணும்னு முன்னாடியே சொல்லியிருக்க வேண்டியது, அப்படி அடிபட்டா அவங்களுக்கு மிச்சம் இருக்குற கேக்குற திறனும் சட்டுனு போகலாம். இப்போ எங்க கேஸ் சீட்டுல தைராய்டுக்கு தனி வரி சேத்திருக்கோம், என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, கூட என்ன குடுக்குறாங்கன்னு. அந்த குழந்தை டாக்டரும் தைராய்டுன்னு கண்டுபிடிச்ச அன்னிக்கே எங்களுக்கு அனுப்ப ஆரம்பிச்சிருக்கார், இதுவரைக்கும் 3 பேர் வந்திருக்காங்க, 2 பேருக்கு காது நல்லா இருக்கு, ஒரு குழந்தைக்கு 5 மாசத்துலயே மெஷின் போட்டாச்சு.

போன தை மாசம் இவனுக்கு ஒரு தங்கச்சி பிறந்தா. பிரசவ வார்டுல குதிகால் ரத்தம் எடுக்கச் சொல்லி அம்மா தானே கேட்டு வாங்கியிருக்காங்க, மூணாவது நாள் டிஎஸ்எச் நார்மல். ஓஏஇக்கு எங்ககிட்ட கொண்டு வந்தப்போ அண்ணனும் கூட வந்தான், மெஷின்ல ரெண்டு பச்சை விளக்கு எரிஞ்சதும் ஆச்சி என் கையப் பிடிச்சுக்கிட்டு ரெண்டாவது தடவ எடுத்துப் பாக்கச் சொன்னாங்க. எடுத்தேன், அதுவும் பாஸ்.